பக்கத்து வீட்டில் இருந்தால் மட்டும் போதுமா?

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, சனிக்கிழமை சாயங்காலத்தில் தொலைக்காட்சித் தொடரையும் விட்டுவிட்டுச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு உங்களுக்குத் தெரியும். பிற பண்பாட்டாரைப் புரிந்து நடக்கும் திறன் பெரிதும் வளர்வது அன்றாடப் பழக்கத்தாலா, முனைந்து கற்பதாலா? எதிரணித் தலைவர் அண்ணன் என்ன சொன்னார்? "பாடம் படித்துவிட்டா கோப்பிக் கடை அங்கிளோடு பேசுகிறோம்? தினமும் போய்க் 'கோப்பி ஓ கொசோங்' என்று கேட்கிறோம், அவர் கொடுக்கிறார். சிங்கப்பூரில் பிறந்தால் இதெல்லாம் தானாக வந்துவிடும்" என்றார். கைதட்டலும் வாங்கினார். நானும் தட்டினேன், நன்றாகப் பேசினார் அல்லவா?

அண்ணே, ஒரு சின்னக் கேள்வி. அந்த அங்கிள் பெயர் என்ன?

பாருங்கள், நடுவரைப் பார்க்கிறார். நடுவருக்கு எப்படித் தெரியும்? சரி, விடுங்கள். சர்க்கரை இல்லாத கட்டங்காப்பி வாங்க அண்ணனுக்குத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அங்கிள் எந்த மொழிக்காரர், ஹொக்கியனா, ஹைனானா, சீனப் புத்தாண்டுக்கு எத்தனை நாள் கடையைச் சாத்துவார், அவர் வீட்டில் துக்கம் என்றால் நாம் என்ன செய்ய வேண்டும்? இத்தனை வருஷக் கோப்பியில் இது எதுவும் கிடைக்கவில்லையே! கிடைத்தது கோப்பி மட்டும்தான்.

அடுத்துப் பேசிய தம்பி வாட்டர்லூ ஸ்திரீட்டைச் சொன்னார். அழகான உதாரணம். குவான் இம் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அப்படியே பக்கத்தில் இருக்கும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்கும் வந்து ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள் சீனப் பக்தர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள். ஆனால் தம்பி ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்த ஊதுபத்தியைச் செருக ஒரு குடுவை அங்கே இருக்கிறதே, அது பெருமாள் கோயில் வழக்கமா? வருகிறவர்கள் எப்படிக் கும்பிடுவார்கள் என்று நிர்வாகத்தில் யாரோ கவனித்து, யோசித்து, இதை வைக்கலாம் என்று முடிவெடுத்து வைத்தது அது. தானாக முளைக்கவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். அவர்கள் நம் கோயிலுக்கு வருகிறார்கள், சரி. கிருஷ்ணன் கோயிலுக்குப் போகிற நம்மில் எத்தனை பேர் பத்தடி நடந்து அந்தக் கோயிலுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

ஐயா, எதிரணி மொத்தமும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. ஒன்றாக வைத்தால் ஒன்றாகிவிடுவார்கள் என்ற நம்பிக்கை. 1954இலேயே கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை அலசிவிட்டார். வெறுமனே அருகில் இருப்பதால் தப்பெண்ணம் போகாது. இரு தரப்பும் சமமாக நடத்தப்பட வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும் என்றார். இந்த நான்கில் எது லிஃப்டில் ஒன்றாக ஏறினால் கிடைக்கிறது?

அமெரிக்காக்காரர் சொன்னது நமக்கு எதற்கு என்பீர்கள். நம் ஊர்க் கதைக்கே வருகிறேன். அக்கா ஒருவர் கம்பத்து வாழ்க்கையை, அந்தக் காலக் கிராமத்துக் குடியிருப்பு வாழ்க்கையை, உருகி உருகிச் சொன்னார். கதவைப் பூட்டாமல் இருந்தோம், மலாய்க்கார வீட்டில் சாப்பிட்டோம், சீன வீட்டில் தூங்கினோம் என்றார். பொய்யில்லை. என் பாட்டியும் இதையேதான் சொல்வார். ஆனால் அதே கம்பத்துக் காலத்தில்தான் 1964 ஜூலை 21 வந்தது. நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தில் அந்த ஜூலையில் மட்டும் 23 பேர் இறந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டு இன்னும் 13 பேர். அரசியல் காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. அண்டை வீட்டுக்காரர்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களும் இருந்தார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அடுத்தடுத்து வாழ்ந்த ஊரில் வதந்தி ஒரே நாளில் ஓடியதே, அது எப்படி? அடுத்த தெருக்காரன் இப்படிச் செய்யமாட்டான் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருக்கவில்லை. பிறகு நல்லெண்ணக் குழுக்கள் அமைத்து, தொகுதி தொகுதியாகப் பேச வைத்துத்தான் ஆற்றினார்கள்.

சரி, இன்று நாம் கலந்து வாழ்கிறோமே, அதுவாவது தானாக நடந்ததா? வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அடுக்குமாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, மக்கள் விருப்பத்துக்கு விட்டபோது என்ன ஆயிற்று? அவரவர் இனத்தார் இருக்கும் பேட்டையைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள். அதனால்தான் 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் யார்? எஸ். தனபாலன். நம்மவர்தான். இன்றைய கணக்கில் இந்தியர், மற்ற இனத்தார் சேர்ந்து ஒரு பேட்டையில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு. அதற்கு மேல் போக முடியாது. இந்த அரங்கிலேயே இதனால் வீட்டை விற்க முடியாமல் சிரமப்பட்டவர்கள் இருப்பீர்கள். அங்கே ஒருவர் பலமாகத் தலையாட்டுகிறார், அவர் வலி எனக்குப் புரிகிறது! எதிரணி பெருமையாகச் சொன்ன தேசிய சேவை, அந்தக் கட்டாய ராணுவப் பணி, மட்டும் என்ன? 1967இல் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது. பக்கத்துக் கட்டிலில் அகமதும் வெய் மிங்கும் படுத்திருந்தது பழக்கத்தால் அல்ல, பட்டியல் போட்டுப் படுக்க வைத்ததால். நீங்கள் 'பழக்கம்' என்று கொண்டாடுவது முழுவதும் யாரோ உட்கார்ந்து திட்டமிட்டது ஐயா!

அப்படித் திட்டமிட்டுப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த பிறகும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதி நம் கையில். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச ஆசைப்படுகிறேன்.

உங்கள் தளத்தில் இருபது வருஷமாக இருந்த சீனப் பாட்டி தவறிவிடுகிறார். கீழ்த்தளத்தில் துணி கட்டி, வட்ட மேசைகள் போட்டு, மூன்று நாளோ ஐந்து நாளோ உடலை வைத்திருக்கிறார்கள். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அந்தப் பக்கம் போகாமல் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு லிஃப்டுக்குப் போகிறார்கள். மனசில் ஈரம் இல்லையா? நிறைய உண்டு. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்த வீடு, புத்தாண்டுக்கு ஆரஞ்சு வாங்கிய வீடு. ஆனால் உள்ளே போனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஊதுபத்தி பிடிக்க வேண்டுமா? கும்பிடலாமா? பணம் கொடுப்பதா, எவ்வளவு, எந்த உறையில்? இந்தக் குழப்பத்தில் பாசமெல்லாம் லிஃப்டுக்குள்ளேயே நின்றுபோகிறது.

தெரிந்துகொண்டால் எவ்வளவு எளிது பாருங்கள். சிவப்பு உடை வேண்டாம். வெள்ளை உறை, தொகை ஒற்றைப்படையில். ஊதுபத்தி பிடிக்க உங்கள் சமயம் இடம் தராவிட்டால் படத்துக்கு முன் தலை குனிந்தால் போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொஞ்ச நேரம் அந்த மேசையில் உட்காருங்கள், கடலை உடையுங்கள், பாட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள். சிவப்பு நூல் வைத்திருந்தால் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லாதீர்கள். இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? அட, நம் வீட்டிலும் துக்கத்துக்குப் போனால் சொல்லிக்கொள்ளாமல்தானே வருகிறோம்! இந்த ஒற்றுமை இத்தனை காலம் நம் கண்ணில் படவே இல்லை. ஏன்? கேட்கவே இல்லை.

ஆனால் எல்லாம் இப்படி ஒத்துப்போகும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த ஒரு தம்பி, அலுவலகச் சீன நண்பர் கல்யாணத்துக்கு நல்ல மனசோடு அங்பாவில், அந்தச் சிவப்பு அன்பளிப்பு உறையில், 101 வெள்ளி வைக்கப் போகிறார் என்று வையுங்கள். நமக்கு மொய்யில் அந்த ஒரு ரூபாய்தானே மங்கலம்! அவர்களுக்கோ நல்ல காரியம் என்றால் இரட்டைப்படை வர வேண்டும். ஒற்றைப்படை, இப்போதுதான் சொன்னேன், எந்த வீட்டுக்கு? உடனே கெட்டிக்காரத்தனமாக, இரட்டைப்படைதானே என்று நாலில் முடிக்கவும் கூடாது, அதுவும் ஆகாது. இதை எத்தனை வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பழகினால் தெரிந்துகொள்வீர்கள்? ஒருவரும் வந்து சொல்லமாட்டார்கள். உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு நன்றி சொல்வார்கள். அந்தச் சிரிப்பை நம்பி அடுத்த கல்யாணத்துக்கும் 101 போகும்!

எதிரணி இன்னொன்று கேட்டது. 2011இல் கறி வாசனைப் பிரச்சினை செய்தியில் வந்தபோது ஊரே சேர்ந்து கறி சமைத்ததே, அது வகுப்பில் படித்ததா என்று. நல்ல கேள்வி. இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை பிடிக்கவில்லை. சமூகச் சமரச நிலையம் வரை போனது. அவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பது, பதிலுக்கு அவர்கள் கறியை ஒரு தரமாவது சாப்பிட்டுப் பார்ப்பது என்று உடன்பாடு. செய்தி வெளியானதும் ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21 ஞாயிறன்று எல்லா இனத்தாரும் ஆளுக்கொரு சட்டி கறி வைத்தார்கள். எனக்கும் பெருமைதான். எந்த இனத்துப் பிள்ளையாக இருந்தாலும் கறி என் கறி என்றானே!

ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை யாரோடு யார் சேர்ந்தார்கள்? கறி பிடித்தவர்கள் கறி பிடித்தவர்களோடு சேர்ந்தார்கள். கறி பிடிக்காத அந்தக் குடும்பத்தோடு யார் உட்கார்ந்து பேசியது? சமரசப் பயிற்சி பெற்ற தொண்டூழியர். இரண்டு குடும்பத்தையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒருவர் பேசும்போது மற்றவரைக் கேட்க வைத்து, சுவைத்துப் பார்க்கிறேன் என்ற வார்த்தையை வரவழைத்தது லேசான வேலையா? உடன்பாடு உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், எனக்கே முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அடுத்தடுத்த கதவாக இருந்து அவர்களால் முடியாததைப் பயிற்சி பெற்ற ஒருவர் பேச வைத்தார். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கறி புளிக்காதா?

இப்போது கட்டுமானத் தளத்துக்கு வாருங்கள். நம் ஊழியத் தம்பிகள் சிலர் இங்கே பின் வரிசையில் இருக்கிறார்கள். காலையில் கூடிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சீன மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் விறுவிறுவென்று சொல்லிவிட்டு "ஓகே?" என்கிறார். நம் தம்பி தலையை இப்படி, இரண்டு பக்கமும் ஆட்டுகிறார். நமக்கு அது ஆமாம். அவருக்கு அது இல்லையா, தெரியாதா, கழுத்து வலியா? இன்னொரு தம்பி புரியாமலே "யெஸ் பாஸ்" என்கிறார். மேலதிகாரியிடம் புரியவில்லை என்று சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்த பிள்ளை. இது அறியாமை இல்லை, வளர்ப்பு. அந்த "யெஸ் பாஸ்"ஸை நம்பி வேலையைத் தொடங்கினால் ஆபத்து. விவரம் தெரிந்த மேற்பார்வையாளர் என்ன செய்வார்? புரிந்ததா என்று கேட்கமாட்டார். "இப்போ நீ என்ன செய்யப் போறே, சொல்லிக் காட்டு" என்பார். மருத்துவமனைகளிலும் மாத்திரை சாப்பிடும் முறையை நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்கிறார்களே, அதே முறைதான். அது பிறவி அறிவு இல்லை, கற்றுக்கொண்ட நுணுக்கம்.

அதே தளத்தில் கிரேனைப் பாருங்கள். கீழே கைச் சைகை காட்டுகிறவர் புதுக்கோட்டைக்காரராக இருக்கலாம், பங்களாதேஷ்காரராக இருக்கலாம், மேலே ஓட்டுகிறவர் சீனராக இருக்கலாம். தூக்கு, இறக்கு, நிறுத்து என்பதை எல்லாரும் ஒரே சைகையில் சொல்கிறார்கள். ஏனென்றால் வகுப்புக்குப் போய்ப் பயின்றுவிட்டுத்தான் அந்த வேலைக்கு வர முடியும். எதிரணி அண்ணனை ஒன்று கேட்கிறேன். பழகப் பழகக் கற்றுக்கொள்வார் என்று விடப்பட்ட ஒரு சைகையாளர் காட்டும் கை அசைவில் பத்து டன் இரும்பு மேலே தொங்குகிறது. அதற்குக் கீழே நிற்பீர்களா அண்ணே?

இதோ, முதல் மணி. முடித்துவிடுகிறேன் ஐயா. கற்பது என்றால் இன நல்லிணக்க நாளில் சீனப் பிள்ளைக்குப் புடவையும் நம் பிள்ளைக்குச் சொங்சாமும் மாட்டிப் படம் எடுப்பதுதானே என்று கிண்டல் செய்தார்கள். அந்தக் கிண்டலில் நியாயம் உண்டு. உடை மாற்றுவது மட்டும் என்றால் அது மாறுவேடப் போட்டி. எங்கள் அணி அதற்காக வாதாட வரவில்லை. உன் வீட்டில் இதை ஏன் செய்கிறீர்கள் என்று வெட்கப்படாமல் கேட்பது, பதிலைக் கேட்டு வைத்துக்கொள்வது, அடுத்த முறை அதன்படி நடப்பது, இதைத்தான் கற்பது என்கிறோம். மலாய் நண்பரை அழைத்துவிட்டுச் 'சைவம்தானே, ஹலால்தான்' என்று நாமே முடிவு செய்யாமல், "இந்தக் கடை உங்களுக்குச் சரியா?" என்று முன்கூட்டியே ஒரு வரி அனுப்புவது.

இரண்டாம் மணியும் அடித்துவிட்டார்கள். அடுத்து எதிரணியிலிருந்து பேச வரும் அக்காவுக்கு ஒரே கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். மேடைக்குப் பின்னால் தேநீர் குடிக்கும்போது அக்கா என்னிடம் சந்தோஷமாக ஒன்று சொன்னார்கள். மகளுக்குப் பள்ளியில் பேச்சு மலாய் வகுப்பு நடக்கிறதாம், அதற்குப் பிறகுதான் எதிர்வீட்டு மக்சிக்கோடு, அந்த மலாய்க்கார அம்மாவோடு, அவள் வாய் ஓயாமல் பேசுகிறாளாம். அக்கா, எதிர்வீடு பல வருஷமாக எதிரிலேயேதானே இருந்தது? பழகினால் தானாக வரும் என்றால், அந்த வகுப்புக்கு முன்னால் ஏன் பேசவில்லை? நீங்களே வந்து இந்த அவைக்குச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.