ரோமைச் சாய்த்தது உட்பகையே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ரோமானியப் பேரரசின் வீழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் வெளிப்படையெடுப்பா, உட்பகையா என்ற வழக்கில் உட்பகையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் கோத்துகள், ஹூணர்கள், வாண்டல்கள் என அயல் இனங்களை வரிசையாக நிறுத்தி, இத்தனை பேர் மோதினால் எந்தக் கோட்டைதான் தாங்கும் என்று கேட்டார். அவர்கள் வந்ததை நான் மறுக்கவில்லை. வந்தபோது கோட்டைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைத்தான் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

193-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பேரரசர் பெர்ட்டினாக்ஸை அவருடைய மெய்க்காவல் படையினரே கொன்றார்கள். கொன்ற கையோடு அரியணையை ஏலத்துக்கு விட்டார்கள். பாசறைக்குள்ளிருந்து இறந்தவரின் மாமனார் ஒரு தொகை கேட்க, மதிலுக்கு வெளியே நின்ற டிடியஸ் ஜூலியானஸ் என்ற செல்வர் உரக்கக் கூவியும் விரல்களைக் காட்டியும் அதை ஏற்றிக்கொண்டே போக, வீரர் ஒருவருக்கு 25,000 செஸ்டர்ஸ் நாணயம் என்று பேரம் படிந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நாம் சொல்வோம். அங்கே வேலி நிலத்தையே விற்றுவிட்டது! வாங்கியவர் ஆண்டது 66 நாள்.

அவரை வீழ்த்தி வந்த செப்டிமியஸ் செவரஸ், வீரர்களுக்கு வாரிக் கொடுங்கள், மற்றவர்களைப் பொருட்படுத்தாதீர்கள் என்று தம் மகன்களுக்குச் சொல்லிவிட்டு இறந்தாராம். வாரிக் கொடுக்க வெள்ளி வேண்டுமே! நாணயத்தில் செம்பைக் கூட்டினார்கள். நம் கொங்கு மண்ணில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக் காசுகளுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து நல்ல காசுகள். 260-களின் இறுதியிலோ ரோமானிய வெள்ளிக் காசு என்பது வெள்ளி பூசிய செம்பாகிவிட்டது. 235 முதல் 284 வரையிலான 49 ஆண்டுகளில் 20-க்கும் மேற்பட்ட பேரரசர்கள் வந்துபோனார்கள்; அவர்களுள் பெரும்பாலோரை ஏற்றியதும் இறக்கியதும் அவர்களுடைய படைகளே.

கோத்துகளை எடுத்துக்கொள்வோம். 376-இல் அவர்கள் புகலிடம் கேட்டே டான்யூப் கரையில் நின்றார்கள். அனுமதி பெற்று ஆற்றைக் கடந்தவர்களின் பசியைப் பயன்படுத்தி, நாய்க் கறியைக் கொடுத்துவிட்டு அதற்கு விலையாக அவர்களுடைய பிள்ளைகளை அடிமைகளாகப் பெற்றுக்கொண்டவர்கள் ரோமானிய அதிகாரிகள். மூண்ட கலகத்தை அடக்கப் போனவர் பேரரசின் கிழக்குப் பாதியை ஆண்ட வாலென்ஸ்; மேற்குப் பாதியை ஆண்ட தம் அண்ணன் மகனின், வந்துகொண்டிருந்த படைக்குக் காத்திருக்காமல், வெற்றிப் புகழைப் பங்கிட மனமின்றி 378-இல் அட்ரியானோப்பிளில் போரிட்டு மாண்டார்.

கோத்துகளின் தலைவர் ஆலரிக் 410-இல் ரோமைச் சூறையாடியதை நண்பர் உருக்கமாக விவரித்தார். அவரை இத்தாலியில் இருமுறை தடுத்து நிறுத்திய ரோமானியத் தளபதி ஸ்டிலிக்கோ எங்கே போனார்? 408-இல் தம் அரசின் ஆணையாலேயே கொல்லப்பட்டார். அதோடு நில்லாமல், ரோமுக்காகப் போரிட்டுவந்த அயல்குல வீரர்களின் மனைவி மக்களை இத்தாலிய நகரங்களில் வெட்டிச் சாய்த்தார்கள். அந்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் ஆலரிக்கோடு சேர்ந்தார்கள். 451-இல் ஹூணர்களின் மன்னர் அட்டிலாவைத் தடுத்த தளபதி ஏடியஸின் கதையும் அதுவே: 454-இல் அரண்மனையில் வருவாய்க் கணக்கை விளக்கிக்கொண்டிருந்தவரை பேரரசர் மூன்றாம் வாலென்டீனியன் தம் வாளாலேயே வெட்டினார். மறு ஆண்டு அவரையும் வெட்டினார்கள், அதுவும் ஏடியஸிடம் பணிபுரிந்தவர்கள். சில மாதங்களில் வாண்டல்கள் ரோமில் 14 நாள் கொள்ளையடித்தார்கள்.

இதே ஹூணர்களையும் கோத்துகளையும் எதிர்கொண்ட கிழக்குப் பேரரசு 1453 வரை நீடித்ததே என்றால், அதன் தலைநகர் கான்ஸ்டான்டிநோப்பிளின் மதிலும் கடலும் காத்தன என்பார்கள். காத்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதிலைக் காக்க வேண்டியவர்களை மேற்கைப் போல் அவர்கள் அடுத்தடுத்துக் கொன்று தீர்க்கவில்லை.

476-க்கு வருகிறேன். மேற்கின் கடைசிப் பேரரசரான சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸை இறக்கிய ஓடோவாக்கர், இத்தாலியிலிருந்த ரோமானியப் படையிலேயே பணியாற்றியவர். அந்தச் சிறுவனின் தந்தை ஓரெஸ்டஸ், முந்தைய ஆண்டு அதே படையைக் கொண்டுதான் பேரரசர் நெப்போஸைத் துரத்தியிருந்தார். வீரர்கள் இத்தாலிய நிலத்தில் மூன்றிலொரு பங்கு கேட்டார்கள், அவர் மறுத்தார், அவரைக் கொன்றுவிட்டுச் சிறுவனை ஆண்டுப் படியோடு தென் இத்தாலியின் கம்பானியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆண்டில் எல்லை தாண்டி வந்து இத்தாலியை வென்ற அயல்படை எது என்று எதிரணியில் அடுத்துப் பேசுபவர் பெயர் சொல்லட்டும். கேட்க ஆவலாக அமர்கிறேன்.