இரண்டு தாள், ஒரு குடும்பம்

நேயர்களுக்கு வணக்கம். உளவியல், சமூகப்பணி, செவிலியர் படிப்பு என்று ஏதாவது ஒன்றில் ஆய்வு செய்கிறவர் வீட்டில் இருந்தால், அவரையும் கொஞ்சம் ரேடியோ பக்கம் கூப்பிடுங்கள். கணவன் மனைவியைப் பற்றிய ஆய்வுகளில் கணக்கு எங்கே பிசகுகிறது, அதற்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

100 தம்பதிகளிடம் மணவாழ்வின் நிறைவு பற்றிக் கேள்வித்தாள் கொடுக்கிறோம். 200 தாள்கள் வருகின்றன. ஆய்வு மாணவர் 200 பேர் என்றே கணினியில் ஏற்றி, இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டுவிடுகிறார். ஒருவர் பதிலுக்கும் அடுத்தவர் பதிலுக்கும் சம்பந்தமில்லை என்ற நம்பிக்கையில் நிற்கிற சோதனை அது. ஒரே கடனைக் கட்டி, ஒரே பிள்ளையின் காய்ச்சலுக்குக் கண்விழிக்கும் இருவரின் பதில்கள் எப்படிச் சம்பந்தமில்லாமல் போகும்? இருவர் மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவு 0.5 என்று வையுங்கள். சராசரியைக் கணிக்க அந்த 200 தாள்கள் தருவது, தொடர்பில்லாத சுமார் 133 பேர் தரும் தகவலைத்தான்.

இதனால் வரும் பிழை ஒரே பக்கம் சாய்வதில்லை. குடும்ப வருமானம் போல இருவருக்கும் பொதுவான ஒன்றைச் சோதித்தால், இல்லாத விளைவு இருப்பதாகத் தெரியும். ஆண், பெண் வித்தியாசத்தைச் சோதித்தால், இருக்கிற வித்தியாசமே மறைந்துபோகும். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை. பெண்கள் சொன்ன வேதனை தாளில் இருந்தும் முடிவில் இல்லாமல் போகிறதே!

இந்தத் துறைக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் கென்னி. டெபோரா காஷி, வில்லியம் குக் இருவரோடும் சேர்ந்து 2006-இல் இவர் வெளியிட்ட நூலைத்தான் இப்படி இருவர் இருவராக வரும் இணைத் தரவைப் படிக்கிறவர்கள் இன்றும் கையில் எடுக்கிறார்கள். அதில் விளக்கப்படும் கணக்கு மாதிரி (மாடல்) ஒன்றைச் சொல்கிறேன். மனைவியின் கவலை அவர் தூக்கத்தையே கெடுத்தால் அது தன் விளைவு. அதே கவலை கணவரின் தூக்கத்தையும் கெடுத்தால் அது துணை விளைவு. கணவர் பக்கமிருந்தும் இப்படி இரண்டு. நான்கையும் ஒரே நேரத்தில் கணக்கிட்டு, கணவரின் கவலை மனைவியைத் தொடும் அளவுக்கு மனைவியின் கவலை கணவரைத் தொடுகிறதா என்றுகூடச் சோதிக்கலாம். யாருக்கு ஆலோசனை தருவது, இருவரையும் உட்காரவைப்பதா என்று யோசிக்கும் ஆலோசகருக்கு இது எவ்வளவு உதவும்! ஒரே தடவை எடுத்த தரவு காரணத்தை நிரூபிக்காது என்பதையும் கூடவே சொல்லித்தர வேண்டும்.

கணவன், மனைவி என்றால் யார் யார் என்று பிரித்துவிடலாம். இரட்டைச் சகோதரிகளில் யாரை முதல் நிரலில் போடுவது? மாற்றிப் போட்டால் சாதாரண ஒட்டுறவுக் கெழுவே, அதாவது ஒட்டுறவைச் சொல்லும் எண்ணே, மாறிவிடும். புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1925-லேயே சகோதரர்களை வைத்து இதை விளக்கி, யாரை முதலில் போட்டாலும் மாறாத வேறொரு கெழுவைக் காட்டியிருக்கிறார்.

சரி, பயிற்சியை எங்கே தொடங்குவது? மென்பொருளில் வேண்டாம். ஐந்து தம்பதிகளின் விடைகளைத் தாளில் எழுதுங்கள். முதலில் ஒரு தம்பதிக்கு ஒரு வரி. அப்புறம் ஒருவருக்கு ஒரு வரி, அதே வரியில் துணையின் விடையும். இந்த இரண்டு அமைப்பும் கைக்கு வந்துவிட்டால் ஆர் என்ற இலவச மென்பொருள் மிரட்டாது. பழக நம் நாட்டுத் தரவே இருக்கிறது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் கணவன், மனைவி விடைகளை இணைத்துத் தம்பதிகளுக்கென்றே தனிக் கோப்பு உண்டு.

களத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பக்கத்தில் கணவர் இருக்கும்போது வாங்கிய விடையை எந்தக் கணக்கு மாதிரியாலும் திருத்த முடியாது. இரண்டு தாளிலும் ஒரே தம்பதி எண்ணை அங்கேயே எழுதிவிடுங்கள். ஒருவர் மட்டும் பதில் தந்திருந்தாலும் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், அதையும் சேர்த்துக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன. நன்றி, வணக்கம்.