மேட்ச் முடியட்டும், அப்புறம் சாப்பாடு

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்வது என் வேலை. என்னிடம் வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வியையே இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். "எந்நேரமும் போனும் கையுமாகவே இருக்கிறான். எப்போது பார்த்தாலும் கேம்தான். சொன்னால் காதில் விழுவதில்லை, பிடுங்கினால் வீடே இரண்டுபடுகிறது. என்ன செய்யட்டும்?" பெரும்பாலும் பையன்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பவர்களும் இப்போது கூடிவிட்டார்கள்.

பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: அவன் ஆடும் கேமின் பெயர் என்ன? பலருக்குத் தெரியாது. "ஏதோ சுடுகிற கேம்" என்பார்கள். நாம் பேச்சைத் தொடங்க வேண்டிய இடமே அதுதான் என்று நினைக்கிறேன்.

இரவு எட்டரை மணி. அம்மா தோசை வார்த்து வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார். "ஒரு நிமிஷம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. கால் மணி நேரம் ஆகிறது. தோசை ஆறிப்போகிறது. மறுபடி கூப்பிட்டால் மறுபடியும் "ஒரே நிமிஷம்." கடைசியில் அப்பா எழுந்துபோய்ப் போனைப் பிடுங்குகிறார். பையன் அழுகிறான், கத்துகிறான், கதவை அறைந்து சாத்துகிறான். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. பல வீடுகளில் வாரத்துக்கு நான்கு நாள் இதுதான் நடக்கிறது.

அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐ போன்ற கேமில் நூறு பேர் வரை ஒரு தீவில் இறங்குகிறார்கள். பத்திரமான வட்டம் சுருங்கிக்கொண்டே வர, கடைசி வரை நிற்பவர் ஜெயிக்கிறார். பெரிய மேப்பில் ஒரு மேட்ச் முடிய அரை மணி நேரம் ஆகலாம். அதே வகைக் கேமான ஃப்ரீ ஃபயரில் இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். சினிமாவை நிறுத்திவைப்பது போல இதை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. பாதியில் வெளியே வந்தால் கஷ்டப்பட்டு ஏற்றிய ராங்க் இறங்கும். அதைவிட முக்கியம், அவனோடு ஸ்குவாடில், அதாவது ஒரே அணியில், இருக்கும் மூன்று பேர். அவர்கள் பெரும்பாலும் அவன் வகுப்புப் பையன்களாகவே இருப்பார்கள். "நேத்து ஏண்டா விட்டுட்டு ஓடின?" என்ற கேள்வி மறுநாள் காலை பள்ளியில் காத்திருக்கும். பதின்மூன்று வயதில் அந்தக் கேள்விக்கு முன்னால் அம்மாவின் திட்டு ஒன்றுமே இல்லை.

ஆகவே நான் பெற்றோரிடம் முதலில் சொல்வது, நேரத்தை நிமிடக் கணக்கில் பேசாதீர்கள், மேட்ச் கணக்கில் பேசுங்கள் என்பதுதான். "எட்டரைக்குச் சாப்பாடு. எட்டு மணிக்கு மேல் புது மேட்ச் தொடங்கக் கூடாது." இதைக் கேம் தொடங்குவதற்கு முன்பே, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து சொன்னால் அது அவன் காதில் ஏறாது, ஹெட்போன் போட்டிருப்பான். எட்டு மணிக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். இது எத்தனையாவது வட்டம், யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மேட்ச் முடிந்து லாபிக்கு, அதாவது கேமின் முகப்புத் திரைக்கு, வந்ததும் போன் உங்கள் கைக்கு வரட்டும். முதல் சில நாள் முரண்டு பிடிப்பான். ஆனால் பாதி மேட்சில் பிடுங்குவதில் அவனுக்கு இருக்கும் நியாயமான கோபம் இதில் இருக்காது. நீங்கள் சொன்னபடி நடக்கிறீர்கள் என்று தெரிந்ததும் அவனும் மெல்ல ஒத்துவருவான்.

இந்த கேம்கள் முடிவே இல்லாதபடி அமைக்கப்பட்டவை என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தினமும் உள்ளே வந்தால் ஒரு பரிசு, தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு. ஒரு சீசன் முடிவதற்குள் இத்தனை வேலை முடித்தால் இந்த உடை, விட்டால் போச்சு. கேமுக்குள் இருக்கும் பரிசுப் பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாது. துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் அரிதான ஸ்கின் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, தவறாமல் கிடைக்கும் பரிசைவிட மனதை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அந்த அறிவு இன்று நம் பிள்ளைகள் கையிலுள்ள போனில் வேலை செய்கிறது. பணம் கட்டித் திறக்கும் இந்தப் பெட்டிகள் சிலவற்றைப் பெல்ஜியம் 2018-லேயே சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. ஆகவே "உனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையைத் திட்டுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது. தேர்ந்த பொறியாளர்கள் கூட்டமாக உட்கார்ந்து செய்ததன் எதிரில் அவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான்.

அரசாங்கம் தடுக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தடுத்துப் பார்த்த நாடுகள் இருக்கின்றன. தென் கொரியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று 2011-ல் சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்து அவர்களே அதை விலக்கிக்கொண்டார்கள். சீனாவில் 2021 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம் மட்டும்தான். இங்கே 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள், பிள்ளைகள் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். 2022-ல் அதைத் தடை செய்ததும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடினார்கள். பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடுக்கிறது. அது மிகவும் தேவையான சட்டம். ஆனால் பத்து வயதுப் பிள்ளை ஆடும் சாதாரண கேம் அதற்குள் வராது. கேம்களுக்குள்ளேயே வயதுக்கேற்ற நேரக் கட்டுப்பாடு இருக்கத்தான் செய்கிறது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டால் அதுவும் போயிற்று. அதனால் இந்த வேலை வீட்டுக்குத்தான் வந்து சேர்கிறது.

"போனையே கொடுக்காதீர்கள்" என்று நான் சொல்வதில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. போனை அலமாரியில் வைத்துப் பூட்டினால் அவன் நண்பன் வீட்டில் ஆடுவான், அங்கே என்ன ஆடுகிறான் என்பதுகூட உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். கூகுளின் ஃபேமிலி லிங்க்கைப் போட்டு, எந்தச் செயலிக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று அமைத்துக்கொள்ளலாம். அவனுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள்.

பண விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். டயமண்ட், யூசி என்று கேமுக்குள் வாங்குவதெல்லாம் உண்மையான ரூபாய்தான். அம்மாவின் யுபிஐ பின் நம்பர் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தாத்தாவின் பென்ஷன் கணக்கு அவருடைய போனிலேயே இருக்கும், மெசேஜ் வந்தாலும் அவர் படிக்க மாட்டார். நூறு, இருநூறு என்று போய்க் கடைசியில் பார்க்கும்போது தொகை பெரிதாகியிருக்கும். இன்றைக்கே பின் நம்பரை மாற்றுங்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் அடிக்காதீர்கள். அடிக்குப் பயந்து, இழந்ததை ஈடுகட்ட இன்னும் எங்காவது கைவைக்கத் தோன்றும் அவனுக்கு.

அடுத்து, தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். போர்வைக்குள் ஒரு மணி வரை ஆடிவிட்டு ஆறு மணிக்கு எழும் பிள்ளைக்கு வகுப்பில் எதுவும் ஏறாது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். இரவு எல்லாருடைய போனும் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாருடையது என்றால் அப்பாவின் போனும்தான். இந்த ஒரு ஏற்பாட்டை ஒழுங்காகச் செய்த வீடுகளில் பாதிச் சண்டை குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேமில் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்றும் யோசியுங்கள். கணக்கில் இருபது மதிப்பெண் வாங்குபவன் அங்கே பெரிய ராங்கில் இருப்பான். அவன் சொன்னால் மூன்று பேர் கேட்பார்கள். பள்ளியிலும் வீட்டிலும் அவனுக்கு அந்த மதிப்பு எங்கேயாவது கிடைக்கிறதா? தெருவில் கிரிக்கெட் ஆட முடியாதபடி வண்டிகள் நிறைந்துவிட்டன. பெண் பிள்ளை என்றால் மாலையில் வெளியே விடவே யோசிக்கிறோம். ஆடுவதற்கு இடமும் கூட்டாளிகளும் கிடைத்தால் பிள்ளைகள் போனைத் தாங்களே வைத்துவிட்டு ஓடுவார்கள். வாரத்தில் இரண்டு மாலை அவன் நண்பர்களை வீட்டுக்கோ மைதானத்துக்கோ வரச்சொல்லிப் பாருங்கள், அதே ஸ்குவாட் நேரில் வரும்.

நிறைய ஆடுகிற எல்லாப் பிள்ளைக்கும் நோய் இல்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேம் ஆடும் கோளாறு இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிவிடுவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது, இந்த மூன்றும் பொதுவாக ஓர் ஆண்டாவது நீடித்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். ஆனால் பள்ளிக்கே போக மறுப்பது, சாப்பாட்டையும் குளியலையும் விடுவது, செத்துப்போவேன் என்று சொல்வது, இவற்றில் ஏதாவது இருந்தால் ஓர் ஆண்டெல்லாம் காத்திருக்காதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே ஷட் என்ற சிகிச்சைப் பிரிவு 2014 முதல் நடக்கிறது. பிள்ளை வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள்.

விடுமுறை நெருங்குகிறது. பாட்டி வீட்டுக்கு அனுப்பப்போகிறீர்கள் என்றால் இந்த ஏற்பாட்டை அவர்களிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். எத்தனை மேட்ச், எத்தனை மணிக்குப் போன் கூடத்துக்கு வர வேண்டும் என்பதைப் பிள்ளையே பாட்டியிடம் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.