டெஸ்டில் வந்த வேகத்தில் நீந்த முடியவில்லையே, ஏன்?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் நீச்சலில் த்ரெஷோல்ட் டெஸ்ட், அதாவது திணறாமல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தைக் கணக்கிடும் சோதனை, எடுத்திருக்கிறார். 400 மீட்டர் 8 நிமிடம், 200 மீட்டர் 3 நிமிடம் 58 விநாடி. கணக்குப் போட்டால் நூறு மீட்டருக்கு 2:01 வருகிறது. ஆனால் அந்த வேகத்தில் ஐந்தாவது நூறிலேயே திணறிவிடுகிறேன், 1500 மீட்டரை எப்படி நீந்துவது என்று கேட்கிறார்.

கணக்கு சரிதான். 480 விநாடியில் 238 போக 242; இது மிச்சமிருக்கும் 200 மீட்டருக்கான நேரம், அதில் பாதி, நூறுக்கு 121. கோளாறு உங்கள் 200-இல் இருக்கிறது. 400-ஐ நூறுக்கு 2 நிமிடம் என்று நீந்தியவர், அதில் பாதி தூரத்தை 1:59 என்றா நீந்துவார்? களைப்பு தீராமலே இறங்கியிருப்பீர்கள். இந்த டெஸ்டில் வேடிக்கையே இதுதான்: 200-ஐ மெதுவாக நீந்தினால் விடை வேகமாக வரும்! 3:50-இல் முடித்திருந்தால் விடை 2:05. உங்கள் உண்மையான வேகம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

மறுபடி எடுங்கள். முதலில் 400, அப்புறம் பத்து நிமிடமாவது நிதானமாக நீந்திவிட்டு 200. இரண்டையும் டைவ் அடிக்காமல் சுவரை உதைத்தே தொடங்குங்கள். 400-இல் ஒவ்வொரு நூறின் நேரத்தையும் கரையிலிருந்து யாராவது குறித்துக்கொள்ளட்டும். முதல் நூறு 1:50, கடைசி நூறு 2:08 என்று வந்தால் அந்த டெஸ்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். குளத்தையும் மாற்றாதீர்கள்; 25 மீட்டர் குளத்தில் திருப்பங்கள் அதிகம், சுவரை உதைத்தே சில விநாடி மிச்சமாகும்.

அதுவரை 2:05-ஐ வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் நூறு மீட்டரைப் பத்து முறை நீந்துங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 15 விநாடி ஓய்வு. முதல் மூன்று, 'இவ்வளவுதானா' என்று தோன்றும். தோன்றட்டும், வேகத்தைக் கூட்டாதீர்கள். ஏழு, எட்டில்தான் தெரியும். அங்கே 2:08-க்கு நழுவினால் இலக்கை 2:07 ஆக்குங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். தொப்பிக்குள் வைக்கும் பீப்பர் (குறித்த இடைவெளியில் ஒலிக்கும் சின்னக் கருவி) இருந்தால் 25 மீட்டருக்கு 31.25 விநாடி என்று வையுங்கள். சுவரைத் தொடும்போது பீப் கேட்க வேண்டும். இது பழகியதும் 200 மீட்டரை ஐந்து முறை, நடுவில் ஓய்வு 20 விநாடி.

1500-லும் இதே கதைதான். முதல் 300 மீட்டரில் பக்கத்து லேன்காரர் முந்தினால் முந்தட்டும், நீங்கள் 2:05-ஐ விடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டெஸ்டைத் திரும்ப எடுத்து, புது எண்ணுக்கு மாறிக்கொள்ளுங்கள்.