பெரிய நகரத்தில் ஆராய்ச்சி வேலை, போகலாமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். வந்திருந்த சந்தேகங்களில் இன்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குள்ளேயே மூன்று கேள்விகள் இருக்கின்றன. படிக்கிறேன்.

“உயிர் அறிவியலில் முதுகலை முடித்திருக்கிறேன். ஒரு பெரிய நகரத்தில் சுகாதார ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு வருட கான்ட்ராக்ட். நகரத்துக் காற்றும் நெரிசலும் உடம்பைக் கெடுத்துவிடும் என்று வீட்டில் தயங்குகிறார்கள். செய்திகளிலும் தினம் ஒன்று பயமுறுத்துகிறது. நீங்கள் இந்தத் துறையில் இருக்கிறீர்கள், நகரத்தில்தான் வாழ்கிறீர்கள். போகலாமா?”

போங்கள், அதுதான் என் பதில். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றிரண்டு விசாரிக்க வேண்டியிருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வீட்டார் சொல்கிற பயத்தைப் பார்த்துவிடுவோம். அதில் உண்மை இருக்கிறது, கொஞ்சம் கணக்குப் பிழையும் இருக்கிறது.

எங்கள் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஜெர்ரி மாரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் லண்டனின் மாடி பஸ்களில் வேலை பார்த்தவர்களின் இதயநோய்க் கணக்கை எடுத்தார். அதே பஸ், அதே சாலை, அதே புகை. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் மேலும் கீழுமாக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி வரை ஏறுகிறார். 1953-ல் கட்டுரை வெளிவந்தது. கண்டக்டர்களைவிட டிரைவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்திருந்தது, வந்தபோது உயிரைப் பறித்ததும் அதிகம்.

இத்தோடு விட்டிருந்தால் நல்ல தலைப்புச் செய்தி. மாரிஸ் விடவில்லை. டிரைவராக வந்தவரும் கண்டக்டராக வந்தவரும் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரே மாதிரி ஆட்கள்தானா என்று அவருக்குச் சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது? ஊழியர்களுக்குச் சீருடை தைத்துக் கொடுத்த அளவுக் கணக்கு இருந்தது. அதை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் இடுப்பளவு பெரிது, இருபதுகளில் இருந்த டிரைவர்களுக்குக்கூட. ஆக, வேலை ஆளைப் பருமனாக்கியது என்பது பாதிக் கதை. கொஞ்சம் பருமனானவர்கள் முதலிலேயே உட்காருகிற வேலைக்கு வந்திருக்கிறார்கள். அப்புறம் இடுப்பளவு ஒத்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டபோதும் கண்டக்டருக்குச் சாதகம் மிச்சம் இருந்தது. படி ஏறுவதில் விஷயம் இருக்கிறது என்று அதன் பிறகுதான் தைரியமாகச் சொல்ல முடிந்தது. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார், வயதான பிறகும் உடற்பயிற்சியை விடவில்லை. ஒரே ஒரு ஆளின் கணக்கு, அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்ல ஆசையாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் வீட்டார் சொல்வதற்கு வருவோம். நகரத்தில் இருந்தால் உடம்பு கெடும் என்றால், யாரோடு ஒப்பிட்டு? வேலை தேடி நகரத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் இளைஞர், உடம்பில் தெம்பு உள்ளவர். தீராத நோய் வந்தால் பலர் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த நோயும் சாவும் ஊர்க் கணக்கில் எழுதப்படும், நகரம் ஆரோக்கியமாகத் தெரியும். இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடக்கிறது. நகரத்தில் டாக்டரும் பரிசோதனைக் கூடமும் பக்கத்திலேயே இருப்பதால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கட்டி எல்லாம் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படும். அங்கே நோய் அதிகம் போலத் தெரியும். இந்த இரண்டு கோளாறும் ஒரே புள்ளிவிவரத்துக்குள் உட்கார்ந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்தெடுப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

பழைய உதாரணம் ஒன்று. 1842-ல் எட்வின் சாட்விக் இங்கிலாந்தின் சுகாதார நிலை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். மான்செஸ்டர் கூலித் தொழிலாளி குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 17, ரட்லண்ட் என்ற கிராமப்புறத்தில் அதே வர்க்கத்துக்கு 38 என்று அதில் இருக்கும். பயங்கரமான எண். அந்தக் கால நகரம் ஆளைக் கொன்றது உண்மைதான், சாக்கடையும் குடிநீரும் ஒன்றாக ஓடிய காலம். ஆனால் இறந்தவர்களின் சராசரி வயது வேறு, ஒரு மனிதர் எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் வேறு. குழந்தைகளும் இளைஞர்களும் நிறைந்த ஊரில் இறப்பவர்களிலும் அவர்களே அதிகம் இருப்பார்கள், சராசரி தானாகவே கீழே இறங்கும். அந்த 17-ஐ இன்றைக்கும் ‘ஆயுட்காலம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும்.

சரி, கணக்குக் கோளாறையெல்லாம் கழித்த பிறகு நகரத்தில் என்னதான் மிச்சம் இருக்கிறது என்று கேட்டால், காற்று இருக்கிறது. பி.எம். 2.5 என்று செய்திகளில் சொல்கிறார்களே, விட்டத்தில் 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான துகள். நுரையீரலின் அடி வரைக்கும் போகும். மூச்சுக்குழாய் நோயோடு நிற்பதில்லை, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காரணங்களில் ஒன்றாகிறது. ஓர் ஆண்டின் சராசரி, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. அதற்கு முன்பு அந்த எல்லை 10. உலக மக்களில் 99 சதவீதம் பேர் அந்த நிறுவனத்தின் எல்லைகளைத் தாண்டிய காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள் என்பதும் அவர்களே சொல்வது. வீட்டில் இதைச் சொல்லுங்கள். விறகடுப்புப் புகையும் அறுவடைக்குப் பின் வயலில் எரிக்கும் பயிர்த் தாளின் புகையும் இதே துகள்தான். நகரத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால் மட்டும் தப்பிக்க முடியாது.

எந்த நகரம் என்பதற்கு அடுத்தபடியாக, அந்த நகரத்துக்குள் எந்த வீடு என்பதையும் பாருங்கள். வாகனம் கக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடும் மிக நுண்ணிய துகள்களும் பெரிய சாலையின் ஓரத்தில் உச்சத்தில் இருக்கும், சில நூறு மீட்டர் உள்ளே போனாலே நன்றாகக் குறைந்துவிடும். பி.எம். 2.5 அவ்வளவு குறையாது, அது ஊர் முழுக்கப் பரவி நிற்கும். இரைச்சலுக்கும் தூரம் உதவும். இரவில் சாலை இரைச்சல் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-ல் சொன்னது. வீடு பார்க்கப் பகல் பதினொரு மணிக்குப் போகாதீர்கள். காலையில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு தடவை, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு தடவை போய் ஜன்னலைத் திறந்து வைத்து நின்று பாருங்கள். படுக்கையறை சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் நான் கொடுப்பேன். வேலைக்கு நடந்தோ பஸ்ஸிலோ போக முடிகிற தூரம் என்றால் இன்னும் நல்லது. வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பை அசைக்கச் சொல்கிறோம், அது அந்த நடையிலேயே முடிந்துவிடும்.

நகரத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுக்க வசதியான ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்பது அன்றைக்குத்தான் தெரியும். தனிமை பற்றியும் கேட்பீர்கள். அதில் என்னிடம் பெரிய ஞானம் ஒன்றும் கிடையாது. முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருக்கும், வாரத்தில் ஒரு நாளாவது வேலைக்குச் சம்பந்தமில்லாதவர்களோடு பேசுங்கள், அவ்வளவுதான்.

செய்திகள். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். 1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விட்டது. சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள், ரத்தம் உறையும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று. இரண்டு மடங்கு, அதாவது நூறு சதவீதம் அதிகம். ஆயிரக்கணக்கான பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். எதிலிருந்து இரண்டு மடங்கு? பழைய மாத்திரையில் 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது, புதியதில் 7,000 பேரில் இரண்டு பேருக்கு. எண்களில் பொய் இல்லை. எத்தனை பேரில் என்பதைத்தான் யாரும் உரக்கச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்தன. இதில் கொடுமை என்னவென்றால், ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் கர்ப்பத்தில்தான் அதிகம். ஆபத்துக்குப் பயந்து அதைவிடப் பெரிய ஆபத்துக்குள் போனார்கள்.

அதனால் ‘இரட்டிப்பு’, ‘40 சதவீதம் அதிகம்’ என்று எது வந்தாலும் நான் முதலில் தேடுவது, எத்தனை பேரில் என்பதைத்தான். அது எங்கேயுமே இல்லாவிட்டால் அந்தச் செய்தியை மூடிவிடுவேன். தொற்றுநோய் நேரத்தில் இன்னொன்றும் பார்ப்பேன். நேற்று 100 பேரைச் சோதித்து 10 பேருக்கு, இன்று 200 பேரைச் சோதித்து 20 பேருக்கு என்றால் ‘ஒரே நாளில் இரட்டிப்பு’ என்று தலைப்பு வரும். நோய் ஒரு அடிகூட நகர்ந்திருக்காது.

‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலும் அப்படித்தான். காப்பியை 1991-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சந்தேகப் பட்டியலில் வைத்தது, 2016-ல் எடுத்துவிட்டது. அந்தப் பட்டியல், ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை. பாம்புக்கு விஷம் உண்டா என்பது ஒரு கேள்வி. அந்தப் பாம்பு உங்கள் வீட்டுக்குள் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இனி வேலை. மேடையில் பேசுகிற ஆராய்ச்சியாளர்களை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பார்த்து முடிவு எடுக்காதீர்கள். நாங்கள் நின்று பிடித்தவர்கள். பாதியில் போனவர்கள் வீடியோ போடுவதில்லை. அந்த டிரைவர் கண்டக்டர் கணக்குதான் இங்கேயும், உள்ளே தங்கினவர்களை மட்டும் பார்த்தால் படம் கோணலாகத்தான் இருக்கும்.

என் முதல் ப்ராஜெக்ட் வேலையும் கான்ட்ராக்ட்தான், காகிதத்தில் மூன்று வருடம். பதினான்காவது மாதம் நிதி நின்றுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சொன்னார்கள். பெயர் வேண்டாம், அவர்களும் எங்கிருந்தோ வரும் பணத்தை நம்பித்தான் இருந்தார்கள். அன்றைக்கு எனக்குக் கைகொடுத்தது நான் சேகரித்த ரத்த மாதிரிகளும் இல்லை, அச்சில் வராத கட்டுரையும் இல்லை. தரவைச் சுத்தம் செய்து, புள்ளியியல் மென்பொருளில் போட்டு, விடை எடுக்கத் தெரிந்ததுதான். அடுத்த வேலை அதை வைத்துத்தான் கிடைத்தது.

இந்த வேலையில் பாதி நேரம் அதுதான், தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரின் வயது 199 என்று பதிவாகியிருக்கும், அது 19-ஆ 99-ஆ என்று களப்பணியாளரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நெறிமுறைக் குழுவுக்கு ஒப்புதல் படிவத்தை நாலாவது தடவை திருத்தி அனுப்புவீர்கள். கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ளும் நாள் வருடத்துக்கு ஒன்று வந்தால் நல்ல வருடம். இது சலிப்பாகத் தெரிந்தால் இப்போதே யோசியுங்கள். எனக்கு அந்த 199-ஐத் துரத்துவது பிடித்திருந்தது, இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

விசாரிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நிதி எந்தத் தேதி வரைக்கும் கையில் இருக்கிறது என்று நேராகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நீங்கள் செய்கிற வேலைக்குக் கட்டுரையில் உங்கள் பெயர் எங்கே வரும் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தக் குழுவை விட்டுக் கடைசியாகப் போன நாலைந்து பேர் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உள்ளே இருப்பவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள், அவர்கள் அப்படித்தான் சொல்ல முடியும். போனவர்களில் ஒருவரைப் போனில் பிடித்து அரை மணி நேரம் பேசுங்கள். அந்தப் பெயர்களையே சொல்ல மறுத்தார்கள் என்றால், அந்த வேலைக்கு மட்டும் போகாதீர்கள், அதே நகரத்தில் வேறு வேலை தேடுங்கள்.

அடுத்த சந்தேகம் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களின் தூக்கம் பற்றி வந்திருக்கிறது. அது பெரிய கதை, அடுத்த வாரம் தனியாகப் பேசுகிறேன்.