மணலில் வாழும் சிறிய ஆலா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய சிறப்பு விருந்தினர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பறவை நோக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். எளியேனுக்கு இவ்வாய்ப்பை நல்கிய விழாக் குழுவினருக்கு முதற்கண் என் நன்றி.

சிறிய ஆலா என்னும் கடற்கரைப் பறவையின் வாழிடம், இரைதேடல், பாதுகாப்பு ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று நம் முன்னோர் தண்ணீருக்குச் சொன்னதை நான் மணலுக்கும் சொல்வேன். ஏறத்தாழ 24 செ.மீ. நீளமும் 60 கிராமுக்குள் எடையும் கொண்ட இப்பறவை, செடிகொடியற்ற மணலிலோ சிப்பியும் சரளையும் கலந்த பரப்பிலோ, அலை ஏறும் எல்லைக்குச் சற்றே மேலே சிறு குழி பறித்து, 2 அல்லது 3 முட்டைகள் இடுகிறது. மணல் நிறத்தில் கரும்புள்ளிகள் தெளித்த அம்முட்டைகள் காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இரைதேடலைப் பொறுத்தவரை, சிறகடித்தபடி அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று, சிறுமீனைக் கண்டதும் தலைகீழாகப் பாயும்.

ஒருநாள் காலை ஒரு குடும்பம் கரையோரம் நடந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் ஆலா ஒன்று கீச்சிட்டுக்கொண்டே தாழ்ந்து தாழ்ந்து பாய, அவர்களுடன் வந்த சிறுவன், பறவை தன்னோடு விளையாடுகிறது என்று எண்ணிக் கைதட்டிக்கொண்டு ஓடினான். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர், "தம்பி, அசையாதே! காலடியைப் பார்!" என்று குரல் கொடுத்தார். அவன் குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளி முட்டைகள் கிடந்தன. "வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வா" என்றார் அவர். அவன் ஒவ்வொரு தடமாகத் தேடித் தேடிக் கால் பதித்துத் திரும்பியதை என்னால் மறக்க முடியவில்லை. அவர்கள் விலகிய பின்னர் அந்த ஆலா நீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, வெயிலில் சுட்டுக் கிடந்த முட்டைகளின் மேல் அமர்ந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். மிதிபடாத முட்டையும், தாய் பதறி எழுந்து பறந்தபடியே இருந்தால், வெயிலில் வெந்துபோகும்.

அடைகாக்க ஏறத்தாழ மூன்று வாரம், குஞ்சு பறக்க மேலும் மூன்று வாரம்; அவ்வளவு காலம் நாம் ஒதுங்கி நடந்தால் போதும். இங்கிலாந்தின் செசில் கடற்கரையில் வேலியிட்டு, தன்னார்வலர்கள் காவலிருந்து இப்பறவையைக் காக்கிறார்கள். ஆகவே தலைவர் அவர்களை நான் வேண்டுவது ஒன்றுதான்: கூடு வைக்கும் பருவம் தொடங்குமுன், இப்பறவை முட்டையிடும் மணற்பரப்பைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, நாய்களை அவிழ்த்துவிடக் கூடாது என்ற அறிவிப்பும் வைக்க வேண்டும் என்று இந்த அவையிலேயே தீர்மானம் கொண்டுவாருங்கள், கயிறு கட்டும் பணிக்கு முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.