இன்னொரு பாடத்தை எங்கே நுழைப்பது? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருக்கும் நேயர் ஒருவர் இவ்வாறு கேட்டிருக்கிறார்: "சுற்றுச்சூழல் கல்வியை அறிவியலோடும் தொழில்நுட்பத்தோடும் இணைத்துக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கச் சொல்கிறார்கள். இருக்கும் பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்கிறார்கள் ஆசிரியர்கள். இன்னொரு பாடத்தை எங்கே நுழைப்பது?"

நுழைக்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். யுனெஸ்கோவும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும் 1977ஆம் ஆண்டு திபிலிசி நகரில் நடத்திய மாநாடே, சுற்றுச்சூழல் கல்வி ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டு பல துறைகளையும் தழுவி அமைய வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆனால் பல பயிற்சி அரங்குகளில் நடப்பது வேறு. காலையில் ஒருவர் புவி வெப்பமடைதலைப் பற்றிப் படக்காட்சி நடத்துவார். பிற்பகலில் மற்றொருவர் ஏதேனும் ஒரு செயலியைக் காட்டுவார். மாலையில் சான்றிதழ் வழங்கப்படும். இரண்டையும் இணைக்கும் வேலை மட்டும் ஆசிரியரின் தலையில் விழும்.

இணைப்பு, நல்ல கேள்வி ஒன்றில்தான் நிகழும். பாசி படர்ந்த ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் காலை 6 மணிக்கு அதிகமாக இருக்குமா, பிற்பகல் 3 மணிக்கா என்று பயிற்சிக்கு வந்த ஆசிரியர்களிடம் கேளுங்கள். வேதியியல் ஆசிரியர் தயங்காமல் காலையில்தான் என்பார். நீர் சூடேறச் சூடேற வாயுக்களின் கரைதிறன் குறையும். காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீர் 20 டிகிரி செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். அவர் சொல்லும் விதியில் பிழை ஏதுமில்லை. ஆனால் குளத்தில் அளந்து பார்த்தால், பெரும்பாலும் விடியற்காலையில் அளவு மிகவும் தாழ்ந்தும், பிற்பகலில் அந்தச் சமநிலை அளவையும் தாண்டியும் இருக்கும். இரவெல்லாம் பாசியும் மற்ற உயிர்களும் சுவாசித்து ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன, பகலில் ஒளிச்சேர்க்கை அதை ஈடுகட்டி மிகுதியும் சேர்த்துவிடுகிறது என்று உயிரியல் ஆசிரியர் விளக்கம் தருவார். இரு பாடங்களும் அந்தக் குளக்கரையில் ஒன்றின்றி மற்றொன்று நிற்க முடியாமல் போவதை ஆசிரியர்கள் தாங்களே உணரும் அந்த நேரந்தான், என் பார்வையில், உண்மையான பயிற்சி.

தொழில்நுட்பத்தையும் அங்கேயே கொண்டுவரலாம். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் உணரியை (சென்சாரை) நீரில் இறக்கினால் எண் உடனே திரையில் தெரியும். அந்த எண்ணை நம்பலாமா என்பதே ஆசிரியர் கேட்கப் பழக வேண்டிய கேள்வி. அதே நீரை, கரைந்த ஆக்சிஜனை வேதிப்பொருள்களைக் கொண்டு அளக்கும், 1888ஆம் ஆண்டு வெளியான விங்க்ளர் முறையிலும் சோதிக்கச் சொல்லுங்கள். குப்பியில் மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்தவுடன் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு இறங்கும். அமிலம் சேர்த்து அதைக் கரைத்து, வெளிவரும் அயோடினைத் தயோசல்பேட் கொண்டு தரம்பார்க்கும்போது (அதாவது, கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளவு காணும்போது), ஸ்டார்ச்சால் தோன்றிய நீலம் சட்டென மறையும் துளியில் நிறுத்த வேண்டும். குப்பியை மூடும்போது ஒரு சிறு காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டாலும் அளவு உயர்ந்துவிடும். இரண்டு குழுக்களின் எண்கள் ஒத்துப்போகாவிட்டால் பயிற்சியாளர் பதறி, சரியான விடையைச் சொல்லிவிடக் கூடாது. குமிழியா, உணரியை அளவுத்திருத்தம் செய்யாததா, எடுத்த ஆழம் வேறா என்று அவர்களே தேடட்டும். "எனக்குத் தெரியவில்லை, கண்டுபிடிப்போம்" என்று வகுப்பில் சொல்லும் துணிவு, இப்படித் தாமே ஒருமுறை தடுமாறிய ஆசிரியருக்குத்தான் வரும்.

இதுவரை சொன்னது அறிவியல். சுற்றுச்சூழல் கல்வி என்று பெயர் பெற, இன்னும் ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். குளத்தில் இவ்வளவு பாசி ஏன்? மேட்டு நிலங்களின் உரத்திலிருந்து பாஸ்பேட் வழிந்து வருகிறதா, கழிவுநீர் கலக்கிறதா? பாசியை மருந்து தெளித்து ஒரே நாளில் கொன்றால், அது அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சி மீன்களைச் சாகடிக்கலாம். உரத்தைக் குறைக்கச் சொன்னால் பயிரிடுபவரின் வருமானம் என்னாவது? என்ன செய்யலாம் என்பதை அளவீடு மட்டும் முடிவு செய்துவிடாது. அந்த விவாதத்தைத் தம் கருத்தைத் திணிக்காமல் நடத்தவும் ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சித் திட்டங்களில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்தப் பகுதிதான்.

நேரத்துக்கு வருகிறேன். கரைதிறன், ஒளிச்சேர்க்கை, தரம்பார்த்தல் மூன்றும் பொதுவாக ஏற்கெனவே பாடத்தில் இருப்பவைதாம்; அவற்றைக் குளத்தை வைத்து நடத்துவதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. பயிற்சியை ஒரே மூச்சில் முடிக்காமல் இரண்டாகப் பிரித்து, முதல் சந்திப்புக்குப் பின் சில வாரங்கள் விட்டுவிடுங்கள். இரண்டாம் சந்திப்புக்கு ஒவ்வொருவரும் தம் மாணவர்கள் எடுத்த அளவீடுகளைக் கொண்டுவரட்டும், தவறிப்போனவற்றையும் சேர்த்து. முடிந்தால் ஒரே பள்ளியிலிருந்து வேறு வேறு பாடம் நடத்தும் இருவரை இணையாக அழையுங்கள். தனியாக வந்தவர் ஊக்கத்தோடு திரும்பினாலும், சந்தேகம் எழும்போது பக்கத்து அறையில் கேட்க ஆள் இல்லாமல் பழைய முறைக்கே போய்விடுகிறார்.